ஆறு கூட்டி வாசிக்கவும்

புளியரைச் சோதனைச்சாவடியில்
கார் டிக்கியில், பலாப்பழங்களுக்கு அடியில் பிடித்தது:
மரப்பெட்டி ஒன்று, உள்ளே சுருட்டு இருபத்தைந்து.
சுங்கம் கட்டிய சீட்டு இல்லை.
ஓட்டிவந்தவர் பத்ரோஸ், வயது நாற்பத்தெட்டு, புனலூர்.

'கைப்பற்றிய நிலை மாறாமல் பாதுகாக்க.'
செங்கோட்டை கோர்ட்டில் உத்தரவு.
சொத்தறைச் சாவி என்னிடம்.

நிலை மாறாத பொருள் எதையும்
அந்த அறையில் நான் பார்த்ததில்லை.
ஆனி பிறந்து கணவாய் வாயைத் திறந்தால்
சாரலுக்குச் சன்னல் தேவையில்லை,
சுவர் வழியாகவே வரும்.
கொலை வழக்கு அரிவாளில்
ரத்தக் கறையைத் தாண்டித் துரு ஏறும்.
வாக்குமூலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்;
பிரித்தால் இவர் சொன்னது அவர் முதுகில் இருக்கும்.
பங்குனியில் நேர்மாறு.
சந்தனக்கட்டை வெடிக்கும்,
அரக்கு முத்திரைகள் தாமாக உதிரும்.

முதல் ஆவணியில் பெட்டியைத் திறந்தேன்.
இரண்டு சுருட்டில் பூஞ்சணம்,
மாவு தொட்ட விரல் மாதிரி.
காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப்
பதிவேட்டில் எழுதாமல் விட்டேன்.
சித்திரையில் ஒன்று மேலிலை வெடித்தது,
குதிகால் போல.
அதையும் எழுதவில்லை.

வாய்தாவுக்கு வாய்தா பத்ரோஸ் வருவார்.
வழக்கு எப்படி என்று வக்கீல் சிதம்பரதாணுவிடம் கேட்க மாட்டார்.
என் மேசைக்கு வந்து குனிந்து,
'ஈர்ப்பம் சரியல்லே, சாரே?'
சரியில்லை என்கிறார் என்று
முதல் தடவை பயந்தேபோனேன்.
சரிதானே என்பதை மலைக்கு அந்தப் பக்கம் அப்படிக் கேட்பார்களாம்.
எழுபது, என்பார். அதற்கு மேல் போனால் பூக்கும்,
அறுபதுக்குக் கீழே உடையும்.

தென்காசியில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி விற்கிறவரிடம்
ஈரமானி ஒன்று வாங்கினேன்,
முந்நூற்றைம்பது ரூபாய், சொந்தக் காசு.
சோடா மூடியில் கல்லுப்பு, நாலு சொட்டுத் தண்ணீர்,
கரையாமல் களியாகிற அளவு.
மூடியையும் மானியையும் ஒரே டப்பாவில் அடைத்து
ஒரு ராத்திரி, ஒரு பகல்.
உப்பின் பக்கத்தில் எழுபத்தைந்து காட்ட வேண்டும்.
இது அறுபத்தொன்பதில் நின்றது.

திருப்பிக் கொடுக்கப் பஸ் ஏறவில்லை.
எத்தனை வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.
எவ்வளவு பொய் என்று தெரிந்துவிட்டால்
பொய் சொல்வதும் நல்ல சாட்சிதான்.
மானியின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி எழுதினேன்:
ஆறு கூட்டி வாசிக்கவும்.

சாரலில் வறுத்த அரிசிப் பொட்டலம்,
பங்குனியில் நனைத்து வைத்த ஓட்டுத்துண்டு,
இறுக மூடிய எவர்சில்வர் டிரம்.
எட்டு வருஷம்.

ஒன்பதாவதில் மகள் வந்தாள், ஷைனி,
கையில் இறப்புச் சான்றிதழ்.
வழக்கு அற்றுப்போயிற்று.
பெட்டியைத் திறந்து காட்டினேன்.
'அப்பச்சன் பீடிகூடக் குடிச்சதில்ல.
முதலாளியோட சாமான்.
கெட்டுப்போனா சம்பளத்தில பிடிப்பேன்னு சொன்னாராம்.'
அந்த முதலாளி கம்பெனியை மூடி
ஏழு வருஷமாயிற்றாம்.

அழிக்க உத்தரவு.
கோர்ட்டின் பின்பக்கம், சாரல் விட்ட மத்தியானம்,
இரண்டு சாட்சிகள்.
பூலோகராஜ் மூன்று தீக்குச்சி கிழித்தும் பிடிக்கவில்லை.
'நேத்துச் சுத்தினது மாதிரில்லா இருக்கு, மேடம்.'
சொத்தறையில் மண்ணெண்ணெய் இருந்தது,
ஆனால் அது வேறு வழக்கு.
பழைய காகிதம் வைத்து மூட்டினோம்.
அவசரப்படாமல்,
சாம்பல் உதிராமல்,
ஒரே சீராக எரிந்தன.
மேல்காற்று. புகை கிழக்கே போனது,
புனலூருக்கு எதிர்த்திசை.

பதிவேட்டில் 'அழிக்கும்போது பொருளின் நிலை' என்றொரு கட்டம்.
மாறவில்லை, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இரண்டு பூஞ்சணம், ஒரு வெடிப்பு.
படிக்கிறவர் கூட்டிக்கொள்ளட்டும்.